புயல் முகாம்களுக்குக் கோமாளிகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வரும் ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரையில் புயலோ வெள்ளமோ வந்தால், நிவாரண முகாம்களில் இருக்கும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சிரிக்க வைக்கப் பயிற்சி பெற்ற கோமாளிக் கலைஞர்கள் இருபது பேரைத் தயாராக வைத்திருப்பது என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும். உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

"சோத்துக்கே வழியில்லாத இடத்துல கோமாளி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சோறு, குடிதண்ணீர், படுக்கப் பாய், மருந்து எல்லாம் வந்து சேரும்வரை நாங்கள் முகாமுக்குள் கால் வைப்பதில்லை. ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கும் ஊரில், சாவு விழுந்த தெருவில் ஆட மாட்டோம். எங்கள் வேலை அதற்கு அப்புறம் வருகிறது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, நினைவிருக்கும். முதல் சில நாள் வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். பிறகு வரத்து குறைந்தது. கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அப்பா தார்ப்பாய்க்கு வரிசையில் நிற்பார், அம்மா இடிந்த வீட்டில் மிச்சம் மீதியைப் பொறுக்கப் போயிருப்பார். பிள்ளைகள் வராண்டாவில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கோமாளி போய்ச் சேர வேண்டிய நேரம் அதுதான்.

எங்களில் சிலர் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுகிற கலைஞர் ஒருவர், மூக்கில் சிவப்புப் பந்தை மட்டும் மாட்டிக்கொண்டு, முகாமில் கிடந்த கோரைப்பாயைச் சுருட்ட உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சுருட்டினால் அந்தப் பக்கம் பிரிந்தது. காலால் அமுக்கிப் பார்த்தார். பாயோடு சேர்ந்து அவரும் சுருண்டார். ஓரமாக நின்ற ஒரு பையன் பொறுக்க மாட்டாமல் வந்து, "அண்ணே, அப்படி இல்ல, முட்டி போட்டு உருட்டுங்க" என்று செய்து காட்டினான். அவர் மறுபடியும் தப்பாகவே செய்தார். பையன் தலையில் அடித்துக்கொண்டான். பிள்ளைகள் சிரிக்க, தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்து அவர்களும் சிரித்துவிட்டார்கள். எதுவுமே தன் கையில் இல்லை என்று ஆகிப்போன ஒரு வாரத்தில், வளர்ந்த ஆள் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம் அந்தப் பையனுக்குக் கிடைத்தது. கோமாளி தோற்றால்தான் பிள்ளை ஜெயிக்க முடியும். வேடிக்கை காட்டிவிட்டுப் போவதோடு இது முடியாது என்று நாங்கள் அடித்துச் சொல்வதும் அதனால்தான்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 1993-ல் பார்சிலோனா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து, டோர்டெல் போல்ட்ரோனா என்ற புகழ்பெற்ற கோமாளிக் கலைஞரைக் குரோஷியாவின் இஸ்த்ரியா பகுதியில் இருந்த அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். யுகோஸ்லாவியப் போரில் வீட்டை இழந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் 'எல்லைகளற்ற கோமாளிகள்' அமைப்பு. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. முதல் நன்கொடை கொடுத்தவர்கள் குழந்தைகள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குத் தெம்பு வருகிறது.

சரி, சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாமே, பயிற்சி எதற்கு? போகக் கூடாது. முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டு போனால் சின்னப் பிள்ளைகள் அலறும். பலூன் வெடித்தால், இரவெல்லாம் கூரை பிய்ந்த சத்தம் கேட்ட குழந்தைக்கு எப்படி இருக்கும்? வெள்ளத்தில் தப்பியவர்கள்மேல் தண்ணீர் தெளித்து விளையாடக் கூடாது. அழுகிற பிள்ளையை விடாப்பிடியாகச் சிரிக்க வைக்கப் பார்க்கக் கூடாது. விலகி நிற்கத் தெரிய வேண்டும். அம்மா அப்பாவிடமும் முகாம் பொறுப்பாளரிடமும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மனநல ஆலோசகர் தேவை என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெண் கலைஞர்கள் கட்டாயம் வேண்டும்.

ஆள் எங்கே கிடைக்கும் என்ற கவலை நமக்கு இல்லை. புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் நாடகங்களில் பபூனாக நடிப்பவர்களைப் போல மேடையில் நின்ற இடத்தில் சிரிப்பை வரவழைப்பவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? கோயில் திருவிழாக்கள் முடிந்து மழை பிடித்துவிட்டால் அவர்களுக்கு மேடை இல்லை, வருமானமும் இல்லை. புயல் மாதங்களும் அதே மாதங்கள்தான். அவர்களை இலவசமாகக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. சேவைதானே என்று கலைஞரிடம் கூலி பேசாமல் இருப்பது நம் ஊரில் ரொம்ப நாளாக நடக்கிற அநியாயம். மைக் இல்லாமல், வசனத்தைக் குறைத்து, இரட்டை அர்த்தப் பேச்சை அறவே விட்டுவிட்டு ஆட அவர்கள் பழக வேண்டும். அவர்களோடு ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளுமாகப் பத்துப் பேர் சேர்கிறார்கள்.

கணக்கு இதுதான். ஆவணியில் ஐந்து நாள் பயிற்சி முகாமுக்குச் சாப்பாடு, தங்கல், பயிற்றுநர் ஊதியம் சேர்த்து 1,20,000 ரூபாய். நாடகக் கலைஞர்கள் பத்துப் பேருக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய் வீதம் 15 நாளுக்கு 1,80,000. வேன் வாடகை, டீசல் 90,000. மூக்கு, தொப்பி, மௌத் ஆர்கன், மழைக்கோட்டு, முதலுதவிப் பொருள்கள் கொண்ட பை ஆளுக்கு 1,500 வீதம் 30,000. மொத்தம் 4,20,000. உறுப்பினர்கள் 70,000 போட்டிருக்கிறோம். மீதி 3,50,000 ரூபாய் ஆடி முடிவதற்குள் சேர வேண்டும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய பிறகு வசூலுக்குக் கிளம்பினால் ஒன்றுக்கும் ஆகாது.

இந்த வருஷம் புயல் வராமல் போனால் அதைவிடச் சந்தோஷம் இல்லை. கூலிக்கும் வேனுக்கும் ஒதுக்கிய பணம் அடுத்த மழைக்காலத்துக்கு அப்படியே இருக்கும். வரவு செலவை தை மாதப் பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். யாரும் வந்து கேள்வி கேட்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: நன்கொடையாளர் பெயர் போட்ட பேனர் எதுவும் முகாமில் கட்ட மாட்டோம், பிள்ளைகளைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பவும் மாட்டோம். எவ்வளவு பெரிய தொகை கொடுத்தாலும் இதில் மாற்றம் இல்லை.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய பணம்தான். ஒரு கலைஞரின் ஒரு நாள் கூலியை ஒரு குடும்பமோ ஒரு தெருவோ சேர்ந்து ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. பணம் முடியாதவர்கள் வேன் தரலாம், பை தைத்துத் தரலாம், பயிற்சி நாட்களில் ஒரு வேளைச் சாப்பாடு பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதிக் குழு உறுப்பினரிடம் கொடுத்து, எண் போட்ட ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோமாளிக் கலைஞர் பயிற்சிக் குழுவினர்,
நாகப்பட்டினம்