அந்த ஐந்தாவது கடை

ஆசிரியருக்கு,

வக்கீல்கள் வாய்தா வாங்கியே காலம் தள்ளுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மதுரையில் முப்பது வருடமாக சிவில் வழக்கு நடத்துகிறவன் நான். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். மீதியைச் சொல்கிறேன்.

ஏழைப் பிள்ளைகளின் விடுதிக்காக எழுதிவைத்த அறக்கட்டளை ஒன்றின் வழக்கு என்னிடம் வந்தது. சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவுப்படி, அரசின் தலைமை வழக்கறிஞர் (அட்வகேட் ஜெனரல்) போடாவிட்டால், அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி பெற்றுத்தான் இப்படிப்பட்ட வழக்கைப் போட முடியும். நிர்வாகத்தைப் பற்றிக் குறை பேச ஊரில் இருபது பேர் இருந்தார்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட இரண்டாவது ஆளைத் தேட மூன்று மாதம் ஆனது!

பிறகு அறக்கட்டளையின் கணக்குகள் ஒரு தகரப் பெட்டியில் வந்தன. கரையான் அரித்த பேரேட்டில் நான்கு கடைகளின் வாடகைதான் வரவில் இருந்தது. வாடகை ரசீது புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் புரட்டினால் ஐந்து கடை. அந்த ஒரு கடைக்காக நானும் ஜூனியரும் ஒரு மாதம் ராத்திரி கண்விழித்தோம். கோர்ட்டில் அதைச் சொல்லப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வணிக வழக்குகளுக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் பிரதிவாதி தன் பதிலை, அதாவது எதிருரையை, தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். அறக்கட்டளை வழக்கில் அந்தக் கண்டிப்பு இல்லை. பொதுச் சொத்துக்கும் அப்படியொரு கெடு வைக்கலாமே? எதிர்த்தரப்பு மூன்றாவது வாய்தா வாங்குவதற்குள் அந்த ஐந்தாவது கடை கைமாறிவிட்டது.

இப்படிக்கு,
சிவில் வழக்கறிஞர் ஒருவர், மதுரை