எட்டாம் நாள் சீட்டு: தசரா விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழு அண்ணாச்சிமாருக்கும், தினமும் சீட்டு எடுக்கும்போது முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், மதினிமார், தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம்.

தசரா முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது, ஆனால் எட்டாம் நாள் ராத்திரி கேட்ட பேச்சு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. நாற்பது வீட்டுப் பெயரையும் குடத்தில் போட்டு, பத்து நாளும் தினம் ஒரு சீட்டு எடுத்து, பெயர் வந்த வீட்டுக்கு ஒரு குத்துவிளக்கு, எடுத்த சீட்டைச் சுருட்டித் திரும்பக் குடத்திலேயே போட்டுவிடுவது என்பதுதான் ஏற்பாடு. மூன்றாம் நாள் விளக்கு வாங்கிய வடக்குத் தெரு வீட்டுக்கே எட்டாம் நாளும் விழுந்ததும், "பக்கத்து வீட்டுச் சீட்டை அடையாளம் வச்சு எடுத்துட்டா" என்று சீட்டு எடுத்த பிள்ளையைப் பார்த்து, மைக் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார்கள். அவள் என் அண்ணன் மகள். எட்டு வயசு. மறுநாள் கோயில் பக்கமே வரமாட்டேன் என்று அழுதாள். நீங்களும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் வேறு பையனைக் கூப்பிட்டுக்கொண்டீர்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதனால் கணக்காகவே பேசுகிறேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒருத்தர், நாற்பதில் ஒன்று, திரும்ப நாற்பதில் ஒன்று, பெருக்கினால் ஆயிரத்து அறுநூறில் ஒன்று, இது தானாக நடக்குமா என்று கேட்டார். பெருக்கல் சரி. சீட்டைத் திரும்பப் போட்டுவிடுவதால் ஒவ்வொரு ராத்திரியும் குடத்தில் அதே 40 சீட்டுதான், நேற்று யாருக்கு விழுந்தது என்பது குடத்துக்குத் தெரியாது. இதைத்தான் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று பாடத்தில் படிக்கிறோம், பெருக்க முடிவதும் அதனால்தான். ஆனால் அந்த 1/1600 எந்தக் கேள்விக்குப் பதில்? "இந்த வீட்டுக்கு, மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் விழும்" என்று கால்நாட்டு அன்றைக்கே ஒருத்தர் சொல்லிவைத்திருந்தால், அதற்குப் பதில். அப்படி யாரும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்கு, எந்த இரண்டு நாளில் விழுந்திருந்தாலும் இதே சத்தம்தான் போட்டிருப்போம். அப்படியென்றால் நாம் கேட்க வேண்டியது, பத்து ராத்திரியில் ஏதாவது ஒரு வீட்டுப் பெயர் மறுபடி வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான்.

அதை நேராக எண்ணுவது சிரமம், எதிர்ப்பக்கமாக வருவோம். பத்து நாளும் வேறு வேறு வீடாகவே வர வேண்டும் என்று வையுங்கள். முதல் நாள் யாருக்கு விழுந்தாலும் சரி. இரண்டாம் நாள் மீதி 39 வீட்டில் ஒன்று வர வேண்டும், அது 39/40. மூன்றாம் நாள் 38/40. இப்படியே போய்ப் பத்தாம் நாள் 31/40. வரிசையாகப் பெருக்கிக்கொண்டே வந்தால், மூன்றாம் நாளில் 0.93 இருக்கிற எண் ஏழாம் நாளில் 0.57 ஆகி, எட்டாம் நாளில் 0.47க்கு, அதாவது பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. பத்தாம் நாளில் 0.29. அதாவது நீங்கள் வைத்த ஏற்பாட்டில், யாருமே எதுவுமே செய்யாவிட்டாலும், பத்து நாளுக்குள் ஒரு பெயராவது மறுபடி வர நூற்றுக்கு 71 வாய்ப்பு. எட்டு நாளுக்குள்ளேயே 53. டியூஷன் பிள்ளைகளோடு நாற்பது துண்டுச் சீட்டு போட்டு ஐந்து தடவை எடுத்துப் பார்த்தோம், நான்கு தடவை பெயர் திரும்ப வந்தது. நம்பாதவர்கள் இன்றைக்கு ராத்திரியே வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு மனக்குறையும் காதில் விழுந்தது, வாங்கினவர்களுக்கே மறுபடி போவதால் மற்றவர்கள் வாய்ப்பு போச்சு என்று. சீட்டைத் திரும்பப் போடாமல் இருந்தால் ஒரு வீட்டுக்கு விளக்கு கிடைக்க 10/40, நூற்றுக்கு 25. திரும்பப் போட்டால் பத்து நாளும் கிடைக்காமல் போக 39/40ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும், அது 0.776. ஒரு விளக்காவது கிடைக்க நூற்றுக்கு 22.4. இருபத்தைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகவா ஒரு பிள்ளையை அழவிட்டோம்?

சரி, உங்கள் பக்கம் ஒரு குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சில ராத்திரி எடுத்த சீட்டைக் குடத்தின் மேலாகவே போட்டுவிட்டு, குலுக்காமல் அடுத்த நாள் எடுத்தார்கள், நான் பார்த்தேன். அப்படிச் செய்தால் நேற்றைய சீட்டு இன்றைய கைக்கு முதலில் தட்டுப்படும், நான் மேலே போட்ட பெருக்கல் எதுவும் அங்கே செல்லாது. சீட்டின் தாளும் சுருளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பீடி சுற்றுகிற கை உள்ள ஊர் இது, நாற்பது சீட்டை ஒரே அளவில் சுருட்ட நம்ம பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள், பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலைக்குப் பெயர் போடும் முன்பே, கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரைச் சேர்க்கக்கூடாது என்று விதி எழுதிவிட்டார்கள். குடத்தை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக்காட்டி, உள்ளே இருப்பது தெரியாத ஒரு சின்னப் பையனைக் கொண்டு ஓலை எடுத்தார்கள். பெயர் வந்த பிறகு அந்தப் பையனைப் பிடித்துக் கேள்வி கேட்க இடம் வைக்காத ஏற்பாடு அது, விதியை முதலிலேயே எழுதிவிட்டார்கள்.

அடுத்த புரட்டாசிக்கு, சீட்டைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்பதைக் கால்நாட்டு அன்றைக்கே மைக்கில் சொல்லிவிடுங்கள். எது வைத்தாலும் எனக்குச் சம்மதம். தினமும் எல்லார் முன்னாலும் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிக் கலந்து போடுங்கள்.

அதற்கும் முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை பூஜைக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்த மைக் பக்கத்தில் நின்று அவளைச் சொன்னார்களோ, அதே மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, உன்மேல் தப்பில்லை தாயி என்று பெரியவர்கள் யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அத்தை