சிறைக்கு இடம் பார்க்கும் முன் மலை மக்களைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடலூரில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பத்தோரு ஆண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கோவை காந்திபுரத்தில் உள்ள மத்திய சிறையை நகருக்கு வெளியே பிளிச்சிக்கு மாற்றும் திட்டத்தைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் மலை மாவட்டத்துக்கென்று ஒரு சிறை வேண்டுமா, வேண்டுமென்றால் அது எந்த இடத்தில், எத்தனை பேருக்காக, என்ற கேள்விகளை என்றைக்காவது யாராவது எங்களிடம் கேட்பார்களா என்று யோசிப்பேன். அப்படி ஒரு திட்டம் கோப்பாகி, இடமும் முடிவாகி, அடிக்கல் நாட்டும் நாளில் எங்கள் காதுக்கு எட்டுவதைவிட, அதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

சிறை வேண்டும் என்பதே என் கருத்து. மலையில் இருப்பவை சிறிய கிளைச் சிறைகள். சற்றுக் கனமான வழக்கென்றால் காவலில் வைக்கப்படுபவர் கோவைக்குத்தான் போகிறார். சேரம்பாடி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருந்த அம்மா ஒருவருடைய மகனின் வழக்கை எங்கள் அலுவலகம் நடத்தியது. கோவைச் சிறையில் இருந்த மகனுக்கு மனு பார்க்க, அதாவது அவரை நேரில் சந்திக்க, அந்த அம்மா போக வேண்டுமென்றால் இருட்டோடு எழுந்து பந்தலூர் வழியாகக் கூடலூருக்கு வந்து, அங்கிருந்து நடுவட்டம் ஏறி உதகைக்குப் போய், மறுபடியும் குன்னூர் மலைப்பாதையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, அதன் பிறகு கோவைக்குப் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். தோட்டத்தில் இரண்டு நாள் பேரும் (வருகைப் பதிவும்) போய்விடும், கூலியும் போய்விடும். பதினொரு மாதங்களில் நான்கு முறை அவர் புறப்பட்டார். ஒரு முறை பர்லியாறு அருகே மண் சரிந்து பாதை அடைபட்டதால் பாதி வழியில் திரும்பினார். இன்னொரு முறை போய்ச் சேர்ந்தபோது மனு நேரம் முடிந்திருந்தது. மற்ற இரண்டு முறை பார்த்தார். வழக்கின் முடிவில் மகன் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். விடுதலையான செய்தியைச் சொல்ல நான் போனபோது, அந்தப் பதினொரு மாதத்தில் மகனைப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வராது என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

இது ஏதோ ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த அபூர்வமான துன்பம் அல்ல. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. நான்கில் மூன்று பேர் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது வழக்கறிஞரை அடிக்கடி சந்திக்கும் வாய்ப்பும், ஜாமீன்தாரரை அழைத்து வரக்கூடிய சொந்தபந்தங்கள் பக்கத்தில் இருப்பதும்தான். ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் அதைக் கோவைக்குக் கொண்டு சேர்க்க ஆளில்லாமல் கூடுதலாகச் சில நாட்கள் உள்ளேயே கிடந்தவர்களை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வழிக்காவலுக்குப் போலீஸார் கிடைக்காததால் கைதியை உதகை அமர்வு நீதிமன்றத்துக்கு அழைத்து வர முடியாமல் வாய்தா தள்ளிப்போன நாட்களும் உண்டு. காணொலி வந்த பிறகு காவல் நீட்டிப்பு எளிதாகிவிட்டது. ஆனால் கைதி தன் வக்கீலின் காதருகே ரகசியமாக ஒரு வார்த்தை சொல்வதற்குக் காணொலி உதவாது.

ஆகவே மலையில் சிறை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் கவலை, அது எப்படி வரும் என்பதைப் பற்றியது. சட்டப்படி மக்களைக் கேட்டாக வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அரசு தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் புறம்போக்கிலோ வேறொரு துறையின் நிலத்திலோ கட்டினால் அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி தேவை. ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. 1990இல் அமைக்கப்பட்ட, ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் சரிவையும் மண்ணையும் பார்க்குமே தவிர, ஊர்க்காரர்களை அழைத்துப் பேசுவது அதன் வேலை அல்ல. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பல நூறு பேரை அடைத்து வைக்கும் ஒரு சிறையை, எந்தச் சட்டத்தையும் மீறாமலே, பக்கத்து ஊரில் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல் கட்டி முடித்துவிட முடியும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அரசு தானாக முன்வந்து கேட்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

எப்போது கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களின் நில வரலாறு தெரியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை நீக்கிய 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் இங்கே பெரும் பரப்பு நிலம், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அச்சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கி, யாருக்குச் சொந்தம் என்று தீராமல் கிடக்கிறது. அந்த நிலத்தில் இரண்டு தலைமுறையாக வாழ்பவர்களுக்குப் பட்டா இல்லை. பல வீடுகளுக்கு மின் இணைப்பு கிடைப்பதே போராட்டம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர்கள், கேரளத்திலிருந்து வந்து குடியேறிய சிறு விவசாயிகள், எல்லோருக்கும் முன்பிருந்தே இங்கு வாழும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று எல்லாருக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு: அளவைக் கருவியோடு நாலு பேர் வந்து இறங்கினால், எதற்கு என்று தெரிவதற்கு முன்பே, நம்மை வெளியேற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு ஒரே மாலையில் மலையடிவாரம் வரை போய்விடும். அந்தப் பேச்சு பரவிய பிறகு நடத்தப்படும் கூட்டத்தில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள். எனவே அளவை தொடங்கும் முன்பே, எந்தெந்த இடங்கள் பரிசீலனையில் உள்ளன, எவை ஏன் கைவிடப்பட்டன என்பதையெல்லாம் எழுத்தில் வைத்துவிட்டுத்தான் மக்களிடம் வர வேண்டும். ஓர் இடத்தை மட்டும் காட்டிச் சம்மதமா என்று கேட்பதைக் கருத்துக் கேட்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

இடம் என்று வரும்போது இந்த மலையின் மண்ணை மறக்க முடியாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் பந்தலூருக்கு அப்பால், வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் அடித்துச் செல்லப்பட்டதை எங்கள் தாலுகா மக்கள் செய்தியாகப் படிக்கவில்லை. இறந்தவர்களில் பலருக்கு இங்கே உறவினர்கள் இருக்கிறார்கள். மண் சரியும் சத்தம் கேட்டால் வீட்டில் இருப்பவன் ஓடலாம். பூட்டிய அறையில் இருப்பவனுக்கு வேறொருவர் வந்து கதவைத் திறக்க வேண்டும். எந்த ஓடை எந்த வருடம் திசை மாறியது, எந்தச் சரிவில் மழைக்காலத்தில் புதிதாக ஊற்று கிளம்பும் என்பதையெல்லாம் அந்தந்தப் பகுதிப் பெரியவர்கள் அறிவார்கள். புவியியல் அறிஞர்களின் ஆய்வு கட்டாயம் தேவை. அந்த ஆய்வுக் குழு பெரியவர்களையும் உடன் அழைத்துச் சென்று சரிவைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தண்ணீரும் அப்படியே. நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 500 கைதிகளுக்கு மட்டும் தினமும் 67,500 லிட்டர் வேண்டும், காவலர் குடியிருப்புக்குத் தனி. கோடையில் குடத்தோடு காத்திருக்கும் ஊருக்கு மேலே அந்தத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், கழிவுநீர் எந்த ஓடையில் இறங்கும் என்பதைக் கீழே இருப்பவர்களிடம் சொல்லாமல் கட்டக் கூடாது.

இனி, சிறையின் அளவு. மண்டலச் சிறை என்ற பெயரில் சமவெளியின் நெரிசலைக் குறைக்க ஆயிரக்கணக்கானோரை மலைக்கு ஏற்றும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394தான். இந்த மாவட்டத்தின் தேவைக்கு ஒரு சிறிய மாவட்டச் சிறை போதும். பெரிய சிறை வந்தால் சேரம்பாடி அம்மா பட்ட பாட்டைத் திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் உள்ள அம்மாக்கள் மலையேறிப் படுவார்கள். துன்பம் குறையாது, திசைதான் மாறும். நடுவட்டத்தில் ஒரு பழைய சிறை நிற்கிறது. சின்கோனா தோட்ட வேலைக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்து வைத்த இடம் அது. எங்கிருந்தோ கொண்டுவந்து இங்கே அடைத்த அந்தக் கதை மறுபடியும் வேண்டாம். கோவைக்கு மனு பார்க்கப் போகிறவர்களின் பேருந்து அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது.

யாரைக் கேட்பது? கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதும் என்று அதிகாரிகள் நினைக்கக்கூடும். எங்கள் பக்கம் கூடலூரும் நெல்லியாளமும் நகராட்சிகள். தேவர்சோலை, ஓவேலி, நடுவட்டம் ஆகியவை பேரூராட்சிகள். இங்கெல்லாம் கிராம சபையே கிடையாது. ஸ்ரீமதுரை, நெலாக்கோட்டை, சேரங்கோடு போன்ற ஊராட்சிகளில் கூட்டம் நடத்திவிட்டு மக்களைக் கேட்டாகிவிட்டது என்று எழுதினால் பாதிப் பேர் விடுபட்டிருப்பார்கள். நகராட்சிப் பகுதிகளில் வார்டுவாரியாகப் பகுதி சபைகளைக் கூட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில் கூட்ட வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளுக்கு நோட்டீஸ் அனுப்பினால் மட்டும் போதாது, அவர்கள் மொழி பேசத் தெரிந்தவர்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

இதற்கும் மேலாக, கைதிகளின் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். சிறையைப் பற்றிய பேச்சில் உள்ளூர் மக்கள் என்றால் மதிலுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் என்றுதான் பொருள் கொள்கிறோம். மாதாமாதம் அந்த வாசலில் நிற்கப் போகிறவர்களும் இதே மாவட்டத்துக்காரர்கள்தாம். வெட்கத்தால் அவர்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேச மாட்டார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகத் தனியே அழைத்துக் கேட்கலாம். பேருந்து எந்த நேரத்துக்கு வேண்டும், மழையில் நிற்கக் கூரை எங்கே வேண்டும், கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கு என்ன வசதி வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. அங்கு வேலை பார்க்கப் போகும் காவலர்களையும் வழக்கறிஞர்களையும் கேட்பதும் அவசியம். உதகையில் புதிய நீதிமன்ற வளாகம் கட்டிய பிறகு, பெண் வழக்கறிஞர்களுக்கு அறை, கழிப்பறை போன்ற அடிப்படை வசதிகள் இல்லை என்ற குறை 2023இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. புழங்கப் போகிறவர்களை வரைபடத்தின்போதே கேட்டிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு ஜெயிலா என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. சுற்றுலா கெடும், நிலத்தின் விலை விழும், பெண்பிள்ளைகள் நடமாட முடியாது என்கிறார்கள். அந்த அச்சத்தைக் கேலி செய்யாமல் கேட்டுப் பதில் சொல்வதும் கருத்துக் கேட்பின் ஒரு பகுதிதான். கோவை மத்திய சிறை 1872 முதல் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் காந்திபுரமும் அதன் கடைவீதிகளும் வளர்ந்தன என்பதை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் பதில் போதாது. சிறைத்துறை அதிகாரிகளே வந்து உட்கார்ந்து, எழும் கேள்விகளையும் தந்த பதில்களையும் பதிவு செய்து, எந்த யோசனை ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் ஏற்கப்படவில்லை என்று ஓர் அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும். அந்த அறிக்கை வந்து இரண்டு மாதமாவது கழிந்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதல் கூட்டத்தைக் கூடலூரில் வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். உதகையில் வைத்தால் பந்தலூர் மக்கள் வந்து திரும்ப ஒரு நாள் முழுக்க ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.