போலீஸ் ஃபைலை மூடிய பிறகு

அன்புள்ள பாப்பா,

உன் மெயிலைப் படித்தேன். ஒருவன் மேல் நீ கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரில் "போதிய சாட்சியம் இல்லை" என்று போலீஸ் ஃபைலை மூடிவிட்டார்கள், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பாவாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். காலமெல்லாம் சிவில் கோர்ட்டிலேயே கிடந்தவன் என்பதால், இது கொஞ்சம் வக்கீல் கடிதம். மனசு கேட்கும்போது படித்தால் போதும். கெடுவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தள்ளிப்போடாதே.

போலீஸ் எழுதிய அந்த வரிக்கு நீ சொன்னது பொய் என்று அர்த்தமில்லை. கிரிமினல் கோர்ட்டில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும். அதற்கு இது எட்டாது என்று அவர்கள் நினைக்கிறார்கள், அவ்வளவுதான். சிவிலில், அதாவது நீயே நஷ்டஈடு கேட்டுப் போடும் வழக்கில், அளவுகோலே வேறு. இங்கிலாந்துச் சட்டத்தின் வழி வந்த நாடுகளில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணின் புகாரை அரசுத் தரப்பு வழக்காகவே எடுக்கவில்லை. அவரே இரண்டு கால்பந்து வீரர்கள் மேல் சிவில் வழக்குப் போட்டார். பலாத்காரம் நடந்தது உண்மை என்று 2017-ல் தீர்ப்பாகி, ஒரு லட்சம் பவுண்ட் நஷ்டஈடு தரும்படி உத்தரவானது. அடுத்த வருஷமே இன்னொரு வழக்கு. கிரிமினல் கோர்ட் விடுவித்த ஆளை சிவில் கோர்ட் 80,000 பவுண்ட் கட்டச் சொன்னது. அந்தப் பெண்ணின் பெயர்கூட வெளியே வரவில்லை. 'எம்' என்ற எழுத்தோடு சரி.

எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறு. கிரிமினல் வழக்கை நடத்தும் கட்சி அரசாங்கம், நீ வெறும் சாட்சி. ஃபைலை மூடும்போது உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, பார்த்தாயா? சிவிலில் நீதான் வாதி. போடுவதா, நிறுத்துவதா, ராஜியாவதா, எல்லாம் உன் கையெழுத்தில்தான் நடக்கும். பிரான்ஸ் மாதிரி சில நாடுகளில் கிரிமினல் வழக்குக்குள்ளேயே பாதிக்கப்பட்டவர் சிவில் கட்சியாகச் சேர்ந்து நஷ்டஈடு கேட்கவும் வழி இருக்கிறது.

இப்போது கெடு. வழக்குப் போட சட்டம் ஒரு காலவரம்பு வைத்திருக்கும். நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். விதிவிலக்கும் உண்டு. இங்கிலாந்தில் 1989-ல் தண்டனை பெற்று உள்ளே போன ஒருவனுக்கு 2004-ல் லாட்டரியில் 70 லட்சம் பவுண்ட் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பாதிக்கப்பட்ட பெண் வழக்குப் போட்டார். இப்படிப்பட்ட வழக்கில் கெடுவைத் தளர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 2008-ல் பிரபுக்கள் சபை சொன்னது (அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்). நியூயார்க் மாநிலம் 2022 நவம்பரிலிருந்து ஒரே ஒரு வருஷம் பழைய சம்பவங்களுக்கும் வழக்குப் போடலாம் என்று சட்டம் போட்டது, அதுவும் முடிந்துபோனது. இந்த மாதிரிச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்காதே. வழக்கு வேண்டுமா என்று முடிவெடுக்க நாள் எடுத்துக்கொள். கடைசித் தேதி எது என்பதை மட்டும் இந்த வாரமே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடு.

யார் மேல் வழக்கு என்பதிலும் யோசனை வேண்டும். டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கிய அன்றுதான் கேஸே ஆரம்பிக்கிறது என்று எங்கள் வக்கீல் வட்டத்தில் சொல்வார்கள். ஒன்றுமில்லாதவன் மேல் கிடைக்கும் தீர்ப்பை வைத்து என்ன செய்வது? உண்மை பதிவானால் போதும் என்பதற்காகவே போடுகிறவர்களும் உண்டு, அதையும் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அவனை வேலைக்கு வைத்த நிறுவனம், முன்பே புகார் வந்தும் கண்டுகொள்ளாத விடுதி, பாதுகாப்பைக் கோட்டை விட்ட கட்டட உரிமையாளர் இவர்களுக்கும் பொறுப்பு வரலாம். ஊழியன் செய்ததற்கு அவனை வைத்திருந்த குழந்தைகள் இல்லம் பதில் சொல்ல வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. டொரான்டோவில் ஒரு பெண் போலீஸ் மேலேயே வழக்குப் போட்டார். அந்தப் பகுதியில் ஒருவன் பால்கனி ஏறி வருகிறான் என்று தெரிந்தும் பெண்களை எச்சரிக்கவில்லை என்பது புகார். 1998-ல் அவர் ஜெயித்தார்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. குறுக்கு விசாரணை இருக்கும். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டால், உன் கவுன்சலிங் குறிப்புகளை எதிர்த்தரப்பு கேட்கும். எதுவரை கொடுக்க வேண்டும் என்று உன் வக்கீல் சண்டை போடுவார். மானநஷ்ட வழக்கு போடுவேன் என்று அவன் மிரட்டலாம். அதனால் சமூக ஊடகத்தில் இப்போதைக்கு எதுவும் எழுதாதே. வாட்ஸ்அப் செய்தி ஒன்றையும் அழிக்காதே, உனக்குச் சங்கடமாக இருப்பதைக்கூட. வேலைக்குப் போகாத மாதத்துச் சம்பளச் சீட்டு, கவுன்சலிங் ரசீது, வீடு மாறியபோது போன அட்வான்ஸ், பூட்டு மாற்றிய பில், எல்லாம் ஒரு கவரில் போட்டு வை. கோர்ட்டுக்கு உன் கண்ணீரைவிட அந்தப் பூட்டு பில் சீக்கிரம் புரியும். கொடுமைதான், ஆனால் அப்படித்தான்.

எதிர்த்தரப்பு ராஜிக்கு, அதாவது சமரசத்துக்கு, வந்தால், "இதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன்" என்ற ஷரத்தோடு ஒரு காகிதம் நீட்டுவார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதே. குறைந்தபட்சம் டாக்டரிடமும் வீட்டிலும் பேசும் உரிமை அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கோர்ட்டில் அவன் முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பல நாடுகளில் அரசே நஷ்டஈடு நிதி வைத்திருக்கிறது. ஆள் பிடிபடாவிட்டாலும், தண்டனை ஆகாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் 2018-ல் வந்த திட்டப்படி பலாத்காரத்துக்கு நான்கு முதல் ஏழு லட்சம் ரூபாய். பிரிட்டனில் பொதுவாக இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அவன் உன் பக்கமே வரக்கூடாது என்று தடை உத்தரவு வாங்குவது தனி மனு, நஷ்டஈடு வழக்கு இல்லாமலே கேட்கலாம். வேலையிடத்தில் நடந்தது என்றால் நிர்வாகத்திடம் புகார் கொடுக்கும் வழி வேறு. அதன் கெடு இன்னும் குறுகலாக இருக்கும்.

இதில் எதுவுமே வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். ஃபீஸைப் பற்றி யோசிக்காதே. ஜெயித்தால் மட்டும் வாங்கும் வக்கீல்களும் சில நாடுகளில் உண்டு, இல்லாவிட்டால் நான் இருக்கிறேன். வக்கீலைப் பார்க்கப் போகும்போது போலீஸ் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போ. அன்றைக்கு அம்மா கூட வரட்டுமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுது. டிக்கெட் போட வேண்டும்.

அப்பா