மாலோக் தரும் இடம் வெற்றிடம் அல்ல

அன்பு மகளுக்கு,

இருமத் தேடல் மரம் (ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளைகள் பிரியும், சிறியது இடமும் பெரியது வலமும் போகும் தரவு அமைப்பு) கட்ட நீ கடைசியாக அனுப்பிய சி நிரலைப் படித்தேன். ஒரு ஸ்ட்ரக்ட் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிய வகை) தன்னையே தன்னுள் வைத்துக்கொள்ள முடியாது, தன் வகைக்கான பாயின்டரைத்தான், அதாவது நினைவக முகவரியைத்தான், வைத்துக்கொள்ள முடியும் என்பதை யாரும் சொல்லித் தராமலே புரிந்துகொண்டு, ஒரு தரவும் இடம், வலம் என இரண்டு பாயின்டர்களுமாகக் கணுவை அமைத்திருக்கிறாய். எனக்கு மிகுந்த பெருமை.

ஆனால் மாலோக் செய்து நினைவகத்தில் இடம் வாங்கியவுடன் அந்த இரண்டு பாயின்டர்களிலும் 'எதையும் காட்டவில்லை' என்று பொருள்படும் 'நல்' வைக்க மறந்துவிட்டாய். மாலோக் தரும் நினைவகத்தில் என்ன கிடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை; அங்கே கிடப்பதை முகவரி என்று நம்பி, உன் தேடல் ஃபங்ஷன் இல்லாத கிளைக்குள் இறங்கிவிடும். சில நாள் நிரல் ஓடும், சில நாள் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதாக, செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிற்கும். பிழை மறைந்தே இருக்கும் என்பதால், ஓடுகிற நாளுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இதை முன்பே சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை.

1 முதல் 1000 வரை வரிசையாகச் சேர்த்தால் மரம் 1000 தட்டு ஆழமுள்ள ஒற்றைச் சங்கிலியாகிவிடும்; சீராகப் பரவினால் 1023 கணுக்களுக்கு 10 தட்டுகள் போதும். சங்கிலியாகாமல் மரத்தைத் தானே சமப்படுத்தும் ஏவிஎல் முறை 1962-இலேயே வந்துவிட்டது என்றாலும், அதற்கு இப்போது அவசரமில்லை.

என் கவலையெல்லாம் மரத்தைக் கலைக்கும் இடத்தில்தான். நீ வேரை (மரத்தின் முதல் கணுவை) முதலில் ஃப்ரீ செய்து, அதாவது அதன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அதனிடமே கிளைகளின் முகவரியைக் கேட்கிறாய். முதலில் இடக் கிளை, பின்பு வலக் கிளை, கடைசியில்தான் அந்தக் கணு என்று ஃப்ரீ செய்ய வேண்டும். உன் அமைப்பில் பிள்ளைக் கணுவிடம் பெற்றோரின் முகவரி இல்லை. பெற்றோரிடம்தான் பிள்ளையின் முகவரி இருக்கிறது. அது தொலைந்தால், பிள்ளை நினைவகத்தில் எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் போய்ச் சேர வழி இருக்காது.

மறுபடியும் சொல்கிறேன், மாலோக் செய்ததும் 'நல்' வை. திருத்திய பின், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டிப் பார்த்து, அது என்ன சொன்னது என்று எனக்கு எழுது. பிழை தீராவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அம்மா