வீலிங் செய்ய ஸ்ப்ராக்கெட் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் வண்டியை ஓட்டும் வீலிங்குக்காக, உன் வண்டியின் பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் மாட்டும் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, வால்பகுதியில் ஓர் இரும்புத் தண்டையும் பற்றவைத்துத் தரும்படி கேட்டிருந்தாய். இரண்டையும் நான் செய்யப்போவதில்லை. முடியாது என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால் நீ வேறொரு பட்டறையில் போய் மாட்டிக்கொள்வாய் என்பது தெரியும். ஆகவே காரணங்களை விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வரும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றே பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் உன் இன்ஜினைப் பற்றி. கிளட்ச் கவரைக் கழற்றும்போதே கருகிய வாடை அடித்தது. பிளேட்டுகளின் மேலிருக்கும் உராய்வுப் பரப்பு கறுத்து வழவழவென்று ஆகிவிட்டது. இடையில் இருக்கும் இரும்புத் தகடுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. ஆக்சிலரேட்டரை முறுக்குவதால் மட்டும் 200 சிசி வண்டியின் முன்சக்கரம் எளிதில் எழுந்துவிடாது. அதற்கு, வண்டியும் அதன் மேல் இருப்பவரும் சேர்ந்த எடை முழுவதையும் பின் அச்சைச் சுற்றிப் பின்னோக்கிப் புரட்டும் அளவுக்கு ஓர் உந்துதல் சட்டென்று வேண்டும். பெரிய வண்டிகளுக்கு அந்த உந்துதல் இன்ஜினிலேயே இருக்கிறது. உன் வண்டிக்கு இல்லாததால், கிளட்சைப் பிடித்துக்கொண்டு ரேஸ் கொடுத்து, ஒரே வீச்சில் கையை விடுகிறாய். ஒவ்வொரு முறையும் அந்த அடி முழுவதும் கிளட்ச் பிளேட்டிலும், செயினிலும், பின்சக்கர ஹப்புக்குள் இருந்து அதிர்ச்சியைத் தாங்கும் கப்ளிங் ரப்பரிலும் விழுகிறது. உன் வண்டியின் கப்ளிங் ரப்பர்கள் கிழிந்தே போய்விட்டன. செயினில் சில கண்ணிகள் இறுகியும் சில தொய்ந்தும் கிடக்கின்றன. ஓடும்போது அது அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டால் இன்ஜின் கேஸையே உடைத்துவிடும்.

பிளேட்டை மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்காதே. நம் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச், கியர்பாக்ஸ், பிஸ்டன் எல்லாம் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. அந்த ஆயிலும் மொத்தத்தில் ஒரு லிட்டர் சொச்சம்தான். பிளேட்டிலிருந்து தேய்ந்து உதிரும் தூள் அந்த ஆயிலோடுதான் சுற்றுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், முன்சக்கரம் மேலே நிற்கும் நேரத்தில் நடக்கிறது. சாய்த்துப் பிடித்த அண்டாவில் தண்ணீர் ஒருபக்கம் ஒதுங்குவதுபோல் ஆயில் முழுவதும் கேஸின் பின்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. பம்ப் ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியான ஸ்டிரெய்னர் ஆயிலுக்கு வெளியே நின்றுவிட்டால், பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. பெரிய மல்டி சிலிண்டர் வண்டிகளில் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது; படலம் அறுந்த கணத்தில் உலோகம் உலோகத்தோடு உரசி ஷெல் பேரிங் போய்விடும். நம்மூர் ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் அங்கே ரோலர் பேரிங் இருப்பதால் இன்ஜின் உடனே நின்றுவிடுவதில்லை. அதைப் பார்த்துத்தான் வண்டி தாங்குகிறது என்று நம்பிவிடுகிறீர்கள். ஆனால் மேலே ஹெட்டில் இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வறண்டு சுழல்வது உனக்குக் கேட்காது. சில மாதங்கள் கழித்து டப்பெட் சத்தம் என்று சொல்லிக்கொண்டு வருவாய்.

தூக்கியதைக் கீழே இறக்கும்போது விழும் அடி வேறு. உன் ஃபோர்க் குழாய்கள் இரண்டிலும் ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கிறது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரம் தரையில் படாதபடி செய்து, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பிப் பார். நேராக வரும் இடத்தில் லேசாகத் தடுக்கி நிற்கும். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டில் குண்டுகள் அழுத்திப் பள்ளம் விழுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்த ஹேண்டிலோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

வண்டியைச் செலவழித்துச் சரிசெய்யலாம். உன்னைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கும்போது என்ன பயம் என்று கேட்டாய். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம்தான். ஆனால் உன்னுடையது முன்சக்கரத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஒற்றைச் சேனல். அந்தச் சக்கரம் காற்றில் இருக்கும்போது ஏபிஎஸ்ஸும் இல்லை, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் முன் பிரேக்கும் இல்லை, ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி திரும்புவதும் இல்லை. ஹெட்லைட்டும் டாங்கும் உன் பார்வையை மறைக்க, எதிரே சாலையைக் கடக்கும் ஒரு பாட்டியோ நாயோ உனக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்வதற்கு உன்னிடம் ஒன்றும் இருக்காது.

வண்டி மேலும் எழுந்து பின்னால் கவிழப்போகும்போது அதைக் கீழே இறக்கும் ஒரே கருவி பின் பிரேக். நீ அனுப்பிய வீடியோவில் உன் வலது கால் பிரேக் பெடலிலேயே இல்லை. இரண்டு கால்களையும் தொங்கவிட்டிருக்கிறாய். அப்படி ஒருமுறை வண்டி கவிழ்ந்தால், நீ முதலில் விழுவது உன் முதுகெலும்பின் அடிப்பகுதியில். அனிச்சையாய்க் கையை ஊன்றுவாய், மணிக்கட்டு முறியும். அதற்கு மேல் 150 கிலோ வண்டி வந்து விழலாம்.

2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே வீலிங் செய்து வண்டியோடு தூக்கியெறியப்பட்ட யூடியூபரின் காட்சியை நீயும் பார்த்திருப்பாய். முழுப் பாதுகாப்பு உடை அணிந்திருந்தும் அவர் கை முறிந்தது. சிறைக்கும் போனார், ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் வரை பத்தாண்டுகளுக்கு ரத்தானது. நீ அரைக்கைச் சட்டையோடும் செருப்போடும் அதைச் செய்கிறாய். ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் முதல் முறையே சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வழக்கு வந்தால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையப்போவது உன் அப்பா.

இது திறமை, இதை ஏன் தடுக்கிறீர்கள் என்று நீ கேட்கலாம். திறமைதான், மறுக்கவில்லை. 1991 மே மாதத்தில் ஜப்பானின் சுகுபாவில் யசுயுகி குடோ என்பவர் ஹோண்டா டிஎல்எம் 220ஆர் வண்டியில் 331 கிலோமீட்டர் தூரம் முன்சக்கரம் தரையில் படாமல் ஓட்டினார். உன் வண்டியை ஒத்த அளவு இன்ஜின்தான் அது. ஆனால் அவர் ஓட்டியது வாகன ஆய்வு நிறுவனம் ஒன்றின் மூடிய சோதனைத் தளத்தில். அங்கே பேருந்துக்குக் காத்து நிற்பவர்களோ, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோ இல்லை. திறமைக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் அதற்கு ஏற்ற இடத்தையும் தேடிப்போகிறார்கள்.

அப்படி ஓர் இடம் நமக்கும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தளங்கள் உள்ளன; அங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கும்போது பணம் கட்டிச் சேரலாம். வீலிங் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். வளைவில் எங்கே பார்ப்பது, எப்போது பிரேக்கை விடுவது, டயரை எவ்வளவு நம்புவது என்று கற்றுக்கொடுப்பார்கள். அடுத்த வகுப்புக்கு உன் பெயரைப் பதிந்துகொள். கிளட்ச் பிளேட், கப்ளிங் ரப்பர், ஃபோர்க் சீல், கோன் செட், செயின் ஸ்ப்ராக்கெட் அனைத்தையும் கம்பெனி அளவிலேயே மாற்றி, வண்டியைத் தளத்துக்குத் தயார் செய்து தருகிறேன். உதிரிபாகங்களுக்கு மட்டும் பணம் கொடு, கூலி வேண்டாம்.

அன்புடன்,
உன் பட்டறை அண்ணன்