மாமாவுக்கு, அந்த நான்காவது புத்தகம் பற்றி

அன்புள்ள மாமா,

போனில் நீங்கள் கடைசியாகச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் நிறைய பேர் இதைப் படிக்கிறார்கள், அம்மா உட்பட. உங்களைக் கேட்காமல் உங்கள் பேத்தி கையில் 'தெஹானு'வை, உர்சுலா லெ குவினின் எர்த்சீ கதை வரிசையின் நான்காவது நாவலை, கொடுத்ததில் உங்களுக்கு மனவருத்தம் என்றால், அந்த வருத்தத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். கொடுத்ததற்கு இல்லை. அத்தையின் முதல் திதி வருகிறது. அதற்குள் இதை எழுதிவிட்டால் நல்லது. நேரில் என்றால் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள்.

"முதல் மூணு போதும், நாலாவதுல ஒண்ணுமே நடக்காது." எனக்கும் இதைத்தானே சொன்னீர்கள். வேதவாக்கு மாதிரி நம்பினேன். திருவல்லிக்கேணி நடைபாதையில் நீங்கள் பேரம் பேசி வாங்கிய அந்த மூன்று எர்த்சீ புத்தகங்களையும் அட்டை கழன்று விழும்வரை படித்தேன். அட்டையில் கதாநாயகனான மந்திரவாதி கெட்டை வெள்ளைக்காரனாக வரைந்திருந்ததைப் பார்த்து நீங்கள் கொதித்தது நினைவிருக்கிறது. கதைப்படி அவன் செம்பழுப்பு நிறம், வெள்ளைத்தோல்காரர்கள் படையெடுத்து வரும் கார்க்குகள்தான் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினீர்கள். 1968-லேயே ஒரு அமெரிக்க அம்மா இப்படி எழுதியிருக்கிறார் என்று உங்களுக்கு அவ்வளவு பெருமை. 2004-ல் தொலைக்காட்சித் தொடர் எடுத்தவர்களும் அவனை வெளுத்தபோது லெ குவினே எழுதித் திட்டினார் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். நிறத்தை விட்டுவைக்காத அந்தக் கண் வேறு சிலவற்றை எப்படி விட்டது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மே மாத விடுமுறை, கரண்ட் போன ஒரு ராத்திரி. நாங்கள் எல்லோரும் உங்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் சாப்பிட்டு முடித்திருந்தீர்கள், கை கழுவ எழவில்லை. குழம்பு விரலில் காய்ந்து வெடித்திருந்தது. அந்தக் கையையே படகாக வைத்து, கெட் தன் நிழலைத் துரத்திக்கொண்டு கடலின் கடைசிக்குப் போவதைச் சொன்னீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே பெயர். எனக்குப் புல்லரித்தது. அத்தை உங்கள் தட்டை எடுக்கக் குனிந்தார்கள். "ஏங்க, அந்த ரோக் மந்திரப் பள்ளிக்கூடத்துல பொம்பளைங்களையே சேர்க்க மாட்டாங்கன்னீங்களே, அத்தனை பேருக்கும் யாருங்க சமைக்கிறது?" என்று கேட்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். "மந்திரத்துல சோறு வந்துரும்டி" என்றீர்கள். அத்தை தட்டோடு உள்ளே போய்விட்டார்கள்.

மாமா, லெ குவினும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டார். மூன்றாவது புத்தகம் வந்தது 1972-ல், 'தெஹானு' 1990-ல். கோன்ட் தீவில் பெண்களின் மந்திரத்தை மட்டம்தட்டும் பழமொழியை முதல் புத்தகத்தில் போகிறபோக்கில் எழுதியவர், இருபத்திரண்டு வருஷம் கழித்து அதே தீவுக்கு வந்து, அந்தப் பழமொழியோடு வாழ்கிற பெண்களைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். ஒன்றுமே நடக்காதா? கெட்டின் குரு ஓஜியன் சாகும்போது தன் உண்மைப் பெயரைக் கதையின் நாயகி டெனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவரை எங்கே புதைப்பது என்று சண்டை போடும் இரண்டு மந்திரவாதிகள் அந்தப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். அவள் சொல்கிறாள். அவர்கள் காதில் விழவே இல்லை. எர்த்சீயில் ஒருவரின் உண்மைப் பெயரை விடப் பெரிய விஷயம் கிடையாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். கடலிலிருந்து வீடு திரும்பும் டெனாரின் மகன் ஸ்பார்க், சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொன்னால் அது பொம்பளை வேலை என்று எழுந்து போகிறான். எனக்கு டிராகனை விட இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கியது.

ஆர்ச்மேஜாக, மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவனாக, இருந்த கெட்டை ஆடு மேய்க்க விட்டது உங்களுக்குப் பொறுக்கவில்லை, தெரியும். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலும் அவன் ஆடு மேய்க்கும் பையன்தான். சக்தியெல்லாம் வற்றிப்போய், மன்னன் அனுப்பிய ஆட்களைப் பார்க்கக்கூட வெட்கப்பட்டு மலையில் ஒளிந்துகொள்கிறானே, அந்த கெட்தான் எனக்கு நெருக்கமானவன். இப்போது நீங்களே ரசம் வைக்கிறீர்களாம், பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அம்மாவுக்குப் போன் போட்டீர்களாம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் கோபமும் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது... சரி, வேண்டாம். அத்தை இருந்திருந்தால் இதைப் பொதுவில் எழுதவே விட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. சொந்த ஆட்களே நெருப்பில் தள்ளி, முகத்தில் பாதி வெந்துபோன குழந்தை தெர்ருவின் கதை பன்னிரண்டு வயசுக்குக் கனம்தான். முதலில் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படித்தேன். கடைசி அத்தியாயமும் எனக்குப் பிடிக்காது. அவ்வளவு நிதானமாகப் போகிற கதையில் திடீரென்று டிராகன் கலெசின் வானத்திலிருந்து இறங்கி கெட்டவர்களைப் பொசுக்கிவிட்டால் அது என்ன தீர்வு? அதில் நீங்கள் சொன்னது முழுக்க சரி.

ஆனால் அது ஒரு அத்தியாயம். நீங்கள் ஒதுக்கியது மொத்தப் புத்தகத்தையும். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையை எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள், எதிர்காலத்தைக் கணிக்கும் செல்டன், மனங்களை ஆட்டிவைக்கும் மியூல் என்று. இரண்டாவது புத்தகத்தில் மியூலை அடையாளம் கண்டு தடுக்கிறவள் பேய்ட்டா என்பது நானே படித்தபோதுதான் தெரிந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அப்படித்தான். இயந்திர நாய் ஜீனோ பேசிய வசனமெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம், கதாநாயகி நிலாவின் பெயர் மட்டும் வாயில் வராது.

புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்திருப்பதாகப் பாப்பா சொன்னாள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவள் பாதியில் நிறுத்தினால் அது அவள் இஷ்டம். நான் திதிக்கு முந்தின நாளே வந்துவிடுவேன், வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசி அத்தியாயத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மற்ற அத்தியாயங்களுக்கு நான் பதில் பேசுவேன்.